சியாட்டிலின் டென்னி குடும்பம்: பூர்வீகம், உறவுமுறை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சியாட்டிலுக்கு நான் குடிவந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து யாராவது வந்தால் முதல் வாரம் ஆல்கை கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். அடுத்த வாரம் லேக் வியூ கல்லறைத் தோட்டம். புரூஸ் லீயின் சமாதி அங்கே இருப்பதால் எல்லோருமே அங்கே போக ஆசைப்படுவார்கள். இரண்டு இடத்திலும் டென்னி என்ற பெயர் கண்ணில் படும், உடனே கேள்விகள் ஆரம்பித்துவிடும். நான்காம் வகுப்பில் வாஷிங்டன் மாநில வரலாறு பாடமாக இருப்பதால் பிள்ளைகளும் இதே சந்தேகங்களோடு வருகிறார்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி பதில் சொல்லியிருக்கிறேன்.

யாருங்க இந்த டென்னி? ஒரு ஆளா, ஒரு குடும்பமா?

குடும்பம். பாடப்புத்தகம் ‘நகரத்தை நிறுவியவர்’ என்று சொல்வது ஆர்தர் ஆர்ம்ஸ்ட்ராங் டென்னியை. 1822 ஜூன் 20 அன்று இந்தியானா மாநிலத்தின் சேலம் அருகே பிறந்தவர், தொழிலால் நில அளவையாளர். 1899 ஜனவரியில் சியாட்டிலில் காலமானார். அவருடைய தம்பி டேவிட் பத்து வயது இளையவர். இவர்கள் இருவரின் மனைவிமாரும் போரன் குடும்பத்துப் பெண்கள், உடன்பிறந்த அக்காள் தங்கை. அதனால் டென்னி குடும்பம் என்று நாம் சொல்வதில் பாதி போரன் குடும்பம்.

1851 நவம்பரில் இவர்கள் வந்து இறங்கியபோது கரைவரைக்கும் காடு. 1870 மக்கள்தொகைக் கணக்கில் ஊரின் எண்ணிக்கை 1,107. 1880இல் 3,533. 1890இல் 42,837. வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் கண் முன்னாலேயே காடு நகரமாவதைப் பார்த்தார்கள்.

டென்னிஸ்னு ஒரு ரெஸ்டாரண்ட் இருக்கே, அது இவங்களோடதுதானே?

இல்லை. அது 1953இல் கலிபோர்னியாவில் ‘டேனிஸ் டோனட்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிய கடை. பிறகு பெயர் மாறியது. சம்பந்தமே கிடையாது.

இவங்க பூர்வீகம் எது? இங்கிலாந்தா?

குடும்பத்தினர் தாங்களே எழுதிவைத்திருப்பதன்படி அயர்லாந்து. ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் வடக்கே குடியேறி, சில தலைமுறைகள் கழித்துக் கடல் தாண்டி அமெரிக்கா வந்த ஸ்காட்ஸ்-ஐரிஷ் மக்களில் ஒரு கிளை இது. முதலில் கால் வைத்தது பென்சில்வேனியா. அங்கே டேவிட், மார்கரெட் தம்பதியின் மகன் ராபர்ட். அவர் வர்ஜீனியாவுக்குப் போய், அங்கிருந்து கென்டக்கிக்கு நகர்ந்தார். கென்டக்கியில் 1793இல் பிறந்தவர் ஜான் டென்னி, நம் ஆர்தரின் அப்பா. ஜான் இந்தியானாவுக்குப் போனார், பிறகு இல்லினாய். ஆர்தரும் டேவிட்டும் இல்லினாயிலிருந்து பசிபிக் கரை.

ஒவ்வொரு தலைமுறையும் மேற்கே ஒரு மாநிலம் நகர்ந்திருக்கிறது. அப்பா மரம் வெட்டிக் கட்டிய வீட்டில் மகன் நிலைத்து வாழவில்லை. குடும்பங்கள் பெரியவை. ஆர்தர் வீட்டில் ஆறு பிள்ளைகள், டேவிட் வீட்டில் எட்டு. இருக்கிற நிலத்தை இத்தனை பேருக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒன்றும் மிஞ்சாது. மேற்கே நிலம் மலிவு. காவிரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக ஒரே வயலை உழுத குடும்பத்தில் பிறந்த எனக்கு இது ஆரம்பத்தில் மனதில் ஒட்டவே இல்லை. இவர்களுக்குச் சொந்த ஊர் என்பதே ஒரு திசைதான் என்று புரிய நாள் பிடித்தது.

இது அப்பா வழி மட்டும். ஆர்தரின் அம்மா சாரா வில்சன், மேரிலாந்தின் பிளேடன்ஸ்பர்க் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். போரன் சகோதரிகளின் அம்மா சாரா லாட்டிமர். அவர்கள் டென்னசிக்காரர்கள். பூர்வீகம் கேட்கிறவர்கள் யாரும் இந்த இரண்டு சாராக்களைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் குடும்பக் கதையின் முடிச்சு அவர்களிடம்தான் இருக்கிறது.

ஆபிரகாம் லிங்கனுக்குச் சொந்தம்னு யாரோ சொன்னாங்களே?

சொந்தம் இல்லை, பழக்கம். ஆர்தரின் அப்பா ஜான் டென்னி இல்லினாய் சட்டமன்றத்தில் லிங்கனோடு உறுப்பினராக இருந்தவர். இருவரும் விக் கட்சி. அதற்கு முன் ஜான், பிரிட்டனோடு 1812இல் தொடங்கிய போரில் கென்டக்கிப் படையில் சண்டை போட்டவர். வீட்டில் அரசியல் பேச்சு எப்போதும் உண்டு. ஆர்தர் பின்னாளில் வாஷிங்டன் பிரதேசத்தின் பிரதிநிதியாக நாடாளுமன்றத்துக்குப் போனதற்கு வித்து அந்த வீட்டிலேயே விழுந்தது என்று நினைக்கிறேன்.

அப்பா, ரெண்டு பசங்க, மூணு பேரும் ஒரே வீட்டுல பொண்ணு எடுத்தாங்களாமே? நிஜமா?

நிஜம். வரிசையாகச் சொல்கிறேன். 1841இல் ஜானின் மனைவி சாரா வில்சன் இறந்துவிட்டார். 1843இல் மகன் ஆர்தர், மேரி ஆன் போரனை மணந்தார். மேரி ஆனின் அப்பா ரிச்சர்ட் போரன் ஏற்கெனவே காலமாகியிருந்தார். அம்மா சாரா லாட்டிமர் விதவை. ஆக, பையன் வீட்டில் அப்பா தனியாக, பெண் வீட்டில் அம்மா தனியாக. சில ஆண்டுகள் கழித்து இந்தச் சம்பந்திகள் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அப்புறம் 1853 ஜனவரி 23 அன்று, ஆர்தரின் மரவீட்டில் வைத்து, தம்பி டேவிட்டுக்கும் மேரி ஆனின் தங்கை லூயிசாவுக்கும் கல்யாணம். குடியேறியவர்களிடையே சியாட்டிலில் நடந்த முதல் திருமணம் அது. இல்லினாயிலிருந்து பொத்திக் கொண்டுவந்த காட்டு ரோஜா விதைகளை லூயிசா இங்கே விதைத்தார். அதனால் ஊர் அவரை அந்தப் பூவின் பெயரோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது.

நம் உறவுச் சொற்களால் பார்த்தால் இது கண் முன்னால் விரியும். ஆர்தருக்கு சாரா லாட்டிமர் மாமியார், அதே சமயம் அப்பாவின் இரண்டாம் மனைவி என்ற முறையில் சின்னம்மா. மேரி ஆனுக்கு ஜான் மாமனார், அதோடு அம்மாவின் கணவர். போரன் சகோதரிகளின் உடன்பிறப்பு கார்சன், ஆர்தருக்கு மச்சான். ஆனால் ஜான் வீட்டுப் பிள்ளை என்று எடுத்துக்கொண்டால் சகோதரன்.

ஆர்தரின் பிள்ளைகளுக்கு டேவிட் யார்? அப்பாவின் தம்பி, அதனால் சித்தப்பா. அம்மாவின் தங்கை கணவர், அதனாலும் சித்தப்பா. லூயிசா எந்த வழியில் வந்தாலும் சித்தி. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அண்ணன் தங்கை முறை. இந்த உறவைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘இரட்டை கசின்’ என்று தனியாக ஒரு சொல் வேண்டியிருக்கிறது. தமிழில் எந்த வழியாகப் போனாலும் அதே சொல்லில் வந்து நிற்கிறோம்.

அப்போ டேவிட் கட்டினது தங்கச்சி முறைதானே? தப்பில்லையா?

ரத்த உறவு துளியும் இல்லை. டேவிட்டின் அப்பா ஜான், அம்மா சாரா வில்சன். லூயிசாவின் அப்பா ரிச்சர்ட் போரன், அம்மா சாரா லாட்டிமர். நாலு பேரும் வேறு வேறு. பெரியவர்கள் மறுமணம் செய்ததால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள், அவ்வளவுதான். அந்த ஊர் வழக்கத்தில் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு விஷயம், தங்கை என்பதே பொருந்தாது. லூயிசா 1827இல் பிறந்தவர், டேவிட் 1832. பெண்தான் கிட்டத்தட்ட ஐந்து வயது மூத்தவர்.

லொரெட்டான்னு ஒரு பேர் வருது. எந்தப் பக்கம் போட்டாலும் இடிக்குதே?

இடிக்கத்தான் செய்யும். லொரெட்டா, ஜானுக்கும் சாரா லாட்டிமருக்கும் அந்த மறுமணத்தில் பிறந்த பெண். 1851இல் வண்டி கட்டிக் கிளம்பும்போது கைக்குழந்தை. அப்பா வழியில் ஆர்தருக்குத் தங்கை. அம்மா வழியில் மேரி ஆனுக்குத் தங்கை. கணவன், மனைவி இருவருக்குமே தங்கையான ஒரே குழந்தை.

ஆர்தரின் பிள்ளைகள் அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது? அப்பாவின் தங்கை என்றால் அத்தை. அம்மாவின் தங்கை என்றால் சித்தி. மேலே சித்தப்பா விஷயத்தில் இரண்டு வழியும் ஒரே சொல்லில் முடிந்தன. இங்கே நம் முறை இரண்டாக உடைகிறது. அத்தை பிள்ளைகள் என்றால் கட்டிக்கொள்ளும் முறை, சித்தி பிள்ளைகள் என்றால் உடன்பிறப்பு முறை. ஒருமுறை மதுரையிலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒருவர் இதைக் கேட்டுவிட்டு ஆல்கை பெஞ்சில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், பத்து நிமிடம் பேசவே இல்லை. கடைசியில், “அவ கல்யாணம் பண்ணிக்கிட்டாளா?” என்று மட்டும் கேட்டார். லொரெட்டா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்னொன்று, ஆர்தரின் மூத்த மகள்கள் இருவரும் இந்த அத்தையை, அல்லது சித்தியை, விட வயதில் மூத்தவர்கள்.

கப்பல்ல வந்து இறங்கினவங்க எத்தனை பேரு? ஒரு இடத்துல 22ன்னு இருக்கு, ஒரு இடத்துல 24ன்னு இருக்கு.

இரண்டும் சரி. 1851 ஏப்ரல் 10 அன்று இல்லினாயின் செர்ரி குரோவிலிருந்து வண்டிகள் கிளம்பின. ஆகஸ்ட் 22இல் போர்ட்லாந்து. டேவிட்டுக்கு அப்போது 19 வயது. அவர் ஜான் லோ என்பவரோடு முன்கூட்டியே வடக்கே நடந்து போய் இடம் பார்த்தார். வழியில் லீ டெர்ரி சேர்ந்துகொண்டார். லோ மற்றவர்களை அழைத்துவர போர்ட்லாந்து திரும்பினார். மற்றவர்கள் ‘எக்ஸாக்ட்’ என்ற சிறிய பாய்க்கப்பலில் நவம்பர் 13 அன்று ஆல்கையில் வந்து இறங்கினார்கள். கப்பலில் வந்தவர்கள் பெரியவர்கள் 10, பிள்ளைகள் 12. ஏற்கெனவே அங்கே வந்துவிட்ட டேவிட்டையும் லீ டெர்ரியையும் சேர்த்தால் 24.

இந்த 24 பேரில் டென்னி, போரன் உறவுக்காரர்கள் 10 பேர். ஆர்தர், மேரி ஆன், மூன்று பிள்ளைகள், டேவிட், லூயிசா, கார்சன், அவர் மனைவி, மகள். லோ, பெல், டெர்ரி குடும்பங்கள் வழியில் சேர்ந்தவை. ஜானும் சாரா லாட்டிமரும் குழந்தை லொரெட்டாவோடு ஒரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கிலேயே தங்கிவிட்டார்கள், சியாட்டிலுக்குப் பிறகுதான் வந்தார்கள். அதனால் இறங்கியவர்கள் பட்டியலில் அவர்கள் இல்லை.

ஆல்கை கடற்கரையில் 1905இல் வைத்த நினைவுத் தூண் இருக்கிறது. போனால் கிட்டே நின்று பெயர்களைப் படியுங்கள். ‘ஆர்தர் ஏ. டென்னியும் மனைவியும்’. ‘ஜான் என். லோவும் மனைவியும்’. ‘கார்சன் டி. போரனும் மனைவியும்’. ‘வில்லியம் என். பெல்லும் மனைவியும்’. ஐந்து பெண்கள் இறங்கினார்கள், கல்லில் பெயர் கிடைத்தது ஒருவருக்கு மட்டும்: லூயிசா போரன். அன்றைக்கு அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அந்த நாலு ‘மனைவி’களின் பெயர்கள் மேரி ஆன், லிடியா, மேரி, சாரா ஆன். அங்கே அழைத்துப் போகும் ஒவ்வொரு பிள்ளையையும் இந்த நாலு பெயரையும் சத்தமாகச் சொல்ல வைப்பேன்.

கைக்குழந்தையோட இந்த மழையில எப்படிங்க பிழைச்சாங்க?

இதைக் கேட்பது எப்போதும் பிள்ளை பெற்ற பெண்கள்தான். ஆர்தர், மேரி ஆன் தம்பதியின் மகன் ரோலண்ட், போர்ட்லாந்து போய்ச் சேர்ந்த பதினோராம் நாள், செப்டம்பர் 2 அன்று பிறந்தான். அப்படியென்றால் அந்த நாலு மாத வண்டிப் பயணம் முழுக்க மேரி ஆன் கர்ப்பிணி. ஆல்கையில் இறங்கும்போது குழந்தைக்கு இரண்டு மாதம் தாண்டியிருந்தது. அன்று விடாத மழை. டேவிட் கட்ட ஆரம்பித்திருந்த மரவீட்டுக்குக் கூரை இல்லை. கோடாரி பட்டு அவர் காலில் காயம், உடம்பில் காய்ச்சல். நீங்கள் யாரும் வராமல் இருந்திருக்கலாம் என்று அண்ணனிடம் சொன்னாராம். பெண்கள் கரையில் நின்று அழுதார்கள்.

மேரி ஆனுக்கும் குளிர்காய்ச்சல் வந்து ஓய்ந்திருந்த உடம்பு, தாய்ப்பால் போதவில்லை. பசும்பாலுக்கு வழியில்லை. அந்தக் கரையில் வாழ்ந்த பழங்குடிப் பெண்கள் சொல்லித்தான் மட்டியை வேகவைத்த சாற்றைக் குழந்தைக்கு ஊட்டினார்கள். ரோலண்ட் அதைக் குடித்துத் தேறினான். 1939 வரை, 87 வயது வரை வாழ்ந்தார். ஆல்கையில் இறங்கிய கூட்டத்தில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான். அந்த மட்டிச் சாறு இல்லையென்றால் ஆர்தர் வம்சத்தின் ஒரு கிளையே இல்லை.

இவ்வளவு நிலம் எப்படிங்க கிடைச்சுது? காசு குடுத்து வாங்கினாங்களா?

இல்லை. 1850இல் அமெரிக்க அரசு ஒரிகன் பிரதேசத்துக்கு ஒரு நிலக்கொடைச் சட்டம் போட்டது. இந்தப் பகுதியும் அப்போது அதில்தான் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பருக்குப் பிறகு வந்தவர்களில் தனி ஆணுக்கு 160 ஏக்கர், மணமான தம்பதிக்கு 320. நாலு ஆண்டு குடியிருந்து பயிர் செய்ய வேண்டும். தம்பதியின் 320இல் பாதி மனைவியின் பெயரிலேயே பதிவானது. தூணில் ‘மனைவி’ என்று மட்டும் நிற்கிற பெண்களுக்கு நிலப் பத்திரத்தில் சொந்தப் பெயர் உண்டு. என் வரையில் அந்தத் தாள்கள்தான் அவர்களுக்கு நினைவுச் சின்னம்.

ஆல்கையில் காற்று அதிகம், கப்பல் நிற்க வாகில்லை. 1852 தொடக்கத்தில் ஆர்தர், கார்சன், பெல் மூவரும் எலியட் விரிகுடாவின் கிழக்குக் கரையைப் படகில் சுற்றிப் பார்த்தார்கள். துணி காயப்போடும் கொடிக்கயிற்றில் குதிரை லாடங்களைக் கட்டித் தண்ணீரில் இறக்கி ஆழம் பார்த்தார்கள். ஆழம் நிறைய இருந்த கரையில் பிப்ரவரி 15 அன்று எல்லை குறித்தார்கள். இன்றைய நகர மையம் அங்கேதான் இருக்கிறது. அந்த நிலம் யாருடையது, அரசு எந்த உரிமையில் கொடுத்தது என்பதைத் தனியாகக் கீழே பாருங்கள்.

லெனோரா, வர்ஜீனியா, ஆலிவ்னு தெருவெல்லாம் பொண்ணுங்க பேரா இருக்கே, யாரு இவங்க?

லெனோரா தெரு, ஆர்தரின் இரண்டாவது மகள் மார்கரெட் லெனோராவின் பெயர். வர்ஜீனியாவும் ஆலிவும் வில்லியம் பெல்லின் மகள்கள். ஸ்டீவர்ட் தெரு, ஆலிவை மணந்த மாப்பிள்ளை. பெல், போரன், டெர்ரி பெயர்களில் தனித்தனியே சாலைகள் உண்டு. பெல்லின் நிலம் இருந்த பகுதி இன்றும் பெல்டவுன்.

முதல்ல வந்தது இவங்கதானா? வேற யாரோன்னும் சொல்றாங்க.

குடியேறியவர்களிலும் இவர்கள் முதல் இல்லை. லூதர் காலின்ஸ், ஹென்றி வான் ஆசெல்ட், மேப்பிள் குடும்பத்து அப்பாவும் மகனும் அடங்கிய கூட்டம் 1851 செப்டம்பரிலேயே டுவாமிஷ் ஆற்றங்கரையில் நிலம் பிடித்துவிட்டது. ஆல்கை இறக்கத்துக்கு இரண்டு மாதம் முன்னால். ஆனால் அவர்கள் விவசாயிகள், ஆற்றோரம் பண்ணை போட்டார்கள். டென்னி கூட்டம் துறைமுகத்தையும் மனைப்பிரிவையும் நினைத்து வந்தது. நகரம் வளர்ந்தது இவர்கள் நிலத்தில், புத்தகம் எழுதியதும் இவர்கள். ஆர்தர் தன் நினைவுகளை 1888இல் அச்சிட்டார், டேவிட்டின் மகள் எமிலி இனெஸ் 1909இல். எழுதிவைத்த குடும்பத்தின் தேதிதான் ஊரின் பிறந்தநாளாக நின்றது.

இங்க ஏற்கெனவே ஜனங்க இருந்தாங்கல்ல? அவங்கள விட்டுட்டு எப்படி ‘முன்னோடி’ங்கறீங்க?

நியாயமான கேள்வி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக டுவாமிஷ் மக்கள் இந்த விரிகுடாவிலும் ஆற்றங்கரையிலும் வாழ்ந்தார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த தலைவர் சியாட்டில், அப்பா வழியில் சுகுவாமிஷ், அம்மா வழியில் டுவாமிஷ். 1855 ஜனவரியில், பழங்குடியினர் தங்கள் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்த பாயின்ட் எலியட் ஒப்பந்தத்தில், பழங்குடித் தலைவர்களில் அவர் கையெழுத்து முதலாவது. ஆனால் டென்னியும் மற்றவர்களும் எல்லை குறித்தது 1852இல். ஒப்பந்தம் போடுவதற்கு மூன்று ஆண்டு முன்னாலேயே நிலம் பங்கிடப்பட்டுவிட்டது. நான் ‘முன்னோடி’ என்ற சொல்லை இங்கே பயன்படுத்துவது அந்தக் குடும்பங்கள் தங்களை அப்படி அழைத்துக்கொண்டதால்தான். நிலம் வெறுமையாகக் கிடந்தது என்ற பொருளில் இல்லை.

1865இல் நகரம் போட்ட ஐந்தாவது ஆணை, வெள்ளையர் யாராவது வேலைக்கு வைத்து இடம் கொடுத்தால் ஒழிய பழங்குடியினர் ஊருக்குள் குடியிருக்கக் கூடாது என்றது. தலைவர் சியாட்டிலின் மகள் கிகிசோப்லு, குடியேறியவர்கள் ஏஞ்சலின் என்று கூப்பிட்டவர், கடற்கரையோரக் குடிசையை விட்டுப் போகவில்லை. துணி துவைத்துப் பிழைத்தார். 1896இல் இறந்தார். அவருடைய கல்லறையும் லேக் வியூவில்தான், ஆர்தர் டென்னி இருக்கும் அதே தோட்டத்தில். புரூஸ் லீயைப் பார்த்துவிட்டு நேரே காருக்குப் போகாமல் அங்கேயும் ஒரு நிமிடம் நில்லுங்கள். டுவாமிஷ் மக்கள் இன்றும் இங்கேயே வாழ்கிறார்கள். ஒரு பழங்குடியாகக் கூட்டாட்சி அரசின் அங்கீகாரம் அவர்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

ரெண்டு பக்கமும் கலந்த குடும்பம் ஒண்ணுகூட இல்லையா?

நிறைய. அவை கதையிலிருந்து விலக்கப்பட்டன. ஊரின் முதல் மர ஆலையை நிறுவிய ஹென்றி யெஸ்லருக்கும், கர்லி என்று அழைக்கப்பட்ட டுவாமிஷ் தலைவரின் மகள் சூசனுக்கும் 1855இல் ஜூலியா என்ற பெண் பிறந்தாள். யெஸ்லரின் மனைவி அப்போது ஒஹாயோவில் இருந்தார். அதே 1855இல் வாஷிங்டன் பிரதேசச் சட்டமன்றம் வெள்ளையருக்கும் பழங்குடியினருக்கும் இடையிலான திருமணம் செல்லாது என்றது. பின்னாளில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் அது நடப்பில் இருந்த காலத்துப் பிள்ளைகளுக்கு அப்பா பெயர் பதிவேட்டில் ஏறுவதே போராட்டம். ரெபெக்கா லீனா கிரகாம் என்ற பெண், முன்னோடி ஒருவரின் மகள் தான் என்று 1890களில் நீதிமன்றத்தில் நிரூபித்து அப்பாவின் சொத்தைப் பெற்றார். வம்ச வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் படிக்கவேண்டியது இந்த வழக்கைத்தான் என்பேன்.

டாக்டர் மேனார்டுக்கு ரெண்டு பொண்டாட்டியாமே? நிலம் யாருக்குப் போச்சு?

ஊரின் ஆரம்பக் குடியேறிகளில் ஒருவரான மருத்துவர் மேனார்ட். டேவிட், லூயிசா கல்யாணத்தை நடத்திவைத்தவரும் இவர்தான். ஒஹாயோவில் மனைவி லிடியாவையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு 1850இல் மேற்கே வந்தார். 1852 டிசம்பரில் ஒரிகன் பிரதேசச் சட்டமன்றமே ஒரு சட்டம் போட்டு அவருக்கு விவாகரத்து கொடுத்தது. லிடியாவுக்குத் தகவல்கூடப் போகவில்லை. அடுத்த மாதமே கேத்தரினை மணந்தார். முன்பு சொன்ன நிலக்கொடைச் சட்டப்படி நிலத்தில் பாதி மனைவிக்கு உரியது. எந்த மனைவிக்கு? அதிகாரிகள் இருவருக்குமே இல்லை என்றார்கள், அந்தப் பாதி வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. லிடியாவின் பிள்ளைகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1888இல் விவாகரத்து செல்லும் என்று தீர்ப்பானது, பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கணவரோடு வாழ்ந்து உழைத்த லிடியாவுக்கு ஒரு தாள் நோட்டீஸ்கூட அனுப்பாததை எத்தனை முறை படித்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தா இந்த டென்னி, போரன் குழப்பமெல்லாம் தீர்ந்துடுமா?

இந்தக் குடும்பத்தில் குழப்பம் கூடும். சாதாரணமாக அண்ணன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் சராசரியாக 12.5 சதவீதம் பகிர்வார்கள். ஆர்தர், டேவிட் பிள்ளைகள் இரண்டு வழியிலும் உறவு என்பதால் 25 சதவீதம். ஒரே தாய்க்கு வேறு தந்தையிடம் பிறந்த உடன்பிறப்புகளும் 25தான். எண்ணை மட்டும் பார்த்தால் எது எது என்று சொல்ல முடியாது.

லொரெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்தருக்குப் பாதித் தங்கை, மேரி ஆனுக்கும் பாதித் தங்கை. அவர்களுடைய பிள்ளைகளோடு அப்பா வழியில் 12.5, அம்மா வழியில் 12.5, கூட்டினால் 25. முழு அத்தைக்கு வரும் அளவு அப்படியே வந்துவிடும். ஆய்வகம் ‘அத்தை’ என்று அச்சடித்துக் கொடுக்கும், பாதிக் கதை மறைந்துபோகும். காகிதப் பதிவு இல்லாமல் டிஎன்ஏவை நம்பி இங்கே இறங்கக் கூடாது.

சரி, காகிதத்துல எங்க தேடுறது? எல்லாத்துலயும் ‘சாரா டென்னி’ன்னே வருது.

ஜானின் இரண்டு மனைவிகளும் சாரா. இருவருமே கல்யாணத்துக்குப் பிறகு சாரா டென்னி. இணையத்தில் உலவும் பல மரங்களில் இருவரையும் ஒருவராக்கிவிட்டார்கள். 1841இல் இறந்தவர் வில்சன், மேற்கே பயணம் வந்தவர் லாட்டிமர். முதலில் இந்த ஆண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கில் வீட்டில் உள்ள எல்லோரின் பெயரும் வருவது 1850 முதல். அதற்கு முன் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும். யார் யாருக்கு என்ன உறவு என்ற கட்டம் 1880இல்தான் வந்தது. 1890 கணக்கில் பெரும்பகுதி 1921இல் தீயோடு போய்விட்டது. இதையெல்லாம் விட நல்லது நிலக்கொடைக் கோப்புகள். மனைவிக்குப் பங்கு இருந்ததால் பிறந்த ஊர், பிறந்த தேதி, கல்யாணத் தேதி, இடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

இன்னொரு துப்பு நடுப்பெயர்கள். ஆர்தரின் ஒரு மகன் ஆர்தர் வில்சன், இன்னொரு மகன் சார்லஸ் லாட்டிமர். இரண்டு பாட்டிகளின் பிறந்த வீட்டுப் பெயரும் பேரன்களின் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன. நம் தலைப்பெழுத்தில் அப்பா பெயர் மட்டும் வருகிறது. இங்கே அம்மா வீட்டு வழி தேடுகிறவர்கள் நடுப்பெயரிலிருந்து தொடங்கலாம். எல்லா நடுப்பெயரும் அப்படி அல்ல. டேவிட்டின் மகள் மேட்ஜ் டெகேட்டர் 1856இல், ஊருக்குள் சண்டை நடந்த சமயத்தில், கோட்டைக்குள் பிறந்தவள். டெகேட்டர் என்பது அப்போது விரிகுடாவில் நின்ற போர்க்கப்பலின் பெயர்.

என் பொண்ணு ஸ்கூலுக்கு இந்தக் குடும்ப மரத்தை வரையணும். யாரை உச்சியில போடுறது?

ஆர்தரை உச்சியில் வைத்தால் இடம் போதாது, முயன்று பார்த்த எல்லோரும் அழித்து அழித்துத் தாளைக் கிழித்திருக்கிறார்கள். தாளைக் குறுக்காக வையுங்கள். மேல் வரிசையில் இடமிருந்து நாலு பெட்டி: சாரா வில்சன், ஜான் டென்னி, சாரா லாட்டிமர், ரிச்சர்ட் போரன். பக்கத்துப் பெட்டிகளைக் கோடு போட்டு இணைத்தால் மூன்று திருமணம். இடப்பக்கக் கோட்டின் கீழே முதலில் டேவிட், பிறகு ஆர்தர். ஜானின் மற்ற மகன்களுக்கும் இடப்பக்க ஓரத்தில் இடம் விடுங்கள். வலப்பக்கக் கோட்டின் கீழே மேரி ஆன், கார்சன், கடைசியில் லூயிசா.

நடுக்கோட்டின் கீழே லொரெட்டா தனியாக. இப்போது அவளுக்குக் கீழாக ஆர்தரையும் மேரி ஆனையும் ஒரு வளைவால் இணைக்கச் சொல்லுங்கள். அதற்கும் கீழே இன்னும் பெரிய வளைவு டேவிட்டிலிருந்து லூயிசாவுக்கு. ஒரு கோடுகூட இன்னொன்றை வெட்டாது. பென்சிலால் வரையட்டும். லொரெட்டாவின் பெட்டியைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லுங்கள், உள்ளே ‘அத்தை’, ‘சித்தி’ இரண்டையும் எழுத இடம் வேண்டும்.